பக்கத்து வீட்டு வியர்வை

நாகஜோதியின் உடம்பில் காளீஸ்வரி வீட்டு வியர்வை வழியத் தொடங்கிய அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரத் தாமதமானது, அதனால் அரிசி ஆலைச் சந்தில் வரிசையில் நின்ற அத்தனை பெண்களுக்கும் அதை நிதானமாக முகர்ந்து பார்க்க நேரம் இருந்தது. மாசமாக இருந்த அந்தப் பெண், நெற்றியிலும் கழுத்திலும் ஊற்றெடுத்து வழிய, நைட்டிமேல் போட்டிருந்த துண்டால் துடைத்துத் துடைத்துப் பிழிந்தாள். பிழிந்த இடத்திலிருந்து பெருங்காய வாசனை கிளம்பி வரிசையின் தலையிலிருந்து வால்வரை போனது. வியர்வை அங்கே யாருக்கும் புதிதில்லை. மதுரைச் சித்திரையில், தகரமும் சிமெண்ட் ஷீட்டும் போட்ட அந்தச் சந்தில், வியர்க்காமல் இருந்தவர்கள் சுவரில் மாலையோடு தொங்கியவர்கள் மட்டும்தான். ஆனால் பெருங்காயம் ஒரே ஒரு வீட்டுச் சரக்கு. கம்பெனியிலிருந்து மூட்டையாக வருவதைப் பொடித்து டப்பாவில் அடைத்துக் கொடுப்பது காளீஸ்வரியின் பிழைப்பு. அவளுக்கும் அவள் புருஷன் சோணைமுத்துவுக்கும் வியர்த்தால் ரசம் கொதிக்கிற வாசனை வரும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

எதற்கும் முதல் வார்த்தை சொல்கிற உரிமையைச் சந்தில் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்த ஜீனத், மூக்கை ஒருமுறை சுளித்து, ஜோதியைப் பார்த்தாள், திரும்பிக் காளீஸ்வரியைப் பார்த்தாள். காளீஸ்வரி இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு கடைசியில் நின்றாள். மண்டை பிளக்கிற வெயிலில் அவள் முகத்தில் பொட்டு ஈரம் இல்லை. இப்போதுதான் பவுடர் போட்டுக்கொண்டு வந்தவள் மாதிரி இருந்தாள். ஜீனத் அதையும் பார்த்துவிட்டு, "தண்ணி எப்ப வருமாம்?" என்று பொதுவாகக் கேட்டாள். யாரோ பதில் சொன்னார்கள். அந்தச் சந்து அதிசயத்தை வரவேற்ற அழகு அவ்வளவுதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு, பெருங்காயத்தை மறைத்தவர்கள் கிடையாது. காளீஸ்வரி குடத்தை நிரப்பாமலே வீட்டுக்குப் போய், சந்திலேயே குளிர்ச்சியான அந்த வீட்டின் நடுவில், தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

மாசி மாதக் கடைசியில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். கூரைமேல் பூசினால் வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும் ஒரு வெள்ளைப் பெயிண்ட் அவர்களிடம் இருந்தது. இந்த வருஷம் ஒரு கூரைக்குத்தான் பெயிண்ட், மற்றக் கூரைகளுக்கு அடுத்த வருஷம். எந்த வீடு அதிகமாகக் கொதிக்கிறதோ அதற்கு முதலில். எந்த வீடு என்று மனிதர்களைக் கேட்டால் எல்லோரும் தங்கள் வீட்டைத்தான் சொல்வார்கள் என்று தெரிந்த புத்திசாலிப் பிள்ளைகள், சோப்பு டப்பா அளவில் சூட்டை அளக்கும் பெட்டி ஒன்றை வீட்டுக்கு வீடு கூரைக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டார்கள். "கட்டின இடத்துலயே இருக்கட்டும், யாரும் தொடாதீங்க" என்று கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி வாசல் வாசலாகச் சொன்னாள். ஜோதி அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவள் வீட்டுச் சாவி காளீஸ்வரியிடம் இருந்தது, எப்போதும் அங்கேதான் இருக்கும். கதவைத் திறந்துவிட்டவள் அவள்தான். "அவங்க வந்ததும் நீங்களே சொல்லிருங்கம்மா" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒற்றைச் செங்கல் சுவர். ஜோதியின் புருஷன் சுருளி, போர் போடுகிற வண்டியில் வேலைக்குப் போய் வடக்கே எங்கெங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தான். வருஷத்துக்கு ஒருமுறை வருவான். ஜோதிக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன, இரண்டும் கோடையில். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் காளீஸ்வரி. மூன்றாவதாக உண்டானதும், புருஷனுக்குப் போன் பண்ணுவதற்கு முன் அவள் சுவரைத் தட்டி, "அக்கா" என்று கூப்பிட்டுச் சொன்னது காளீஸ்வரியிடம்தான். இதையெல்லாம் மறந்து ஒருத்தி தப்புச் செய்தால் மன்னிக்கலாம். காளீஸ்வரி எதையும் மறக்கவில்லை.

ஆனால் அவளுக்கு வேறொன்றும் நினைவிருந்தது. போன அக்னி நட்சத்திரத்தில் சோணைமுத்து வெங்காய மண்டியில் மூட்டையோடு சரிந்து விழுந்து, பெரியாஸ்பத்திரியில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ்கட்டி வைத்து அவனை மீட்டார்கள். அதிலிருந்து அவன் வலது கை டம்ளரைப் பிடித்தால் ஆடும். இன்னொரு கோடை அந்தக் கூரைக்கடியில் படுத்தால் ஆள் தேறமாட்டான் என்று அவள் பயந்தாள். பயம் பொல்லாதது, வீட்டு ஆளைத் தவிர மற்றவர்களை எல்லாம் சின்னதாகக் காட்டும். பெட்டியைக் கட்டிவிட்டுப் பிள்ளைகள் முக்கு திரும்புவதற்குள் அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, தன் வீட்டுப் பெட்டியை அவிழ்த்து, இட்லிச் சட்டியின் ஆவி நேராகப் போய் மோதுகிற இடத்தில் கட்டிவிட்டாள்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. சாயங்காலம் ஜோதி வந்து வாசலில் நின்று, "அக்கா, வீட்டுக்குள்ள என்னமோ பொட்டி தொங்குதே, அதை நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள். கேட்ட முகத்தில் அத்தனை நம்பிக்கை. அடுத்தவர் பொருள் தன் வீட்டில் இருக்கிறது, அதற்கு ஒரு குறை வந்துவிடக் கூடாதே என்கிற கவலை வேறு.

"மிஷினாம்த்தா, சூடு தாங்காதாம்" என்றாள் காளீஸ்வரி. நாக்கு அவளைக் கேட்காமலே மேலே போனது. "தண்ணிப் பானைக்கு மேல கட்டி, ஈரத்துணியைச் சுத்தி வையி. காயக் காய நனைச்சு விடு."

ஜோதி அப்படியே செய்தாள். தன் நெற்றிக்குப் போட்டுக்கொள்ளாத ஈரத்துணியைப் பெட்டிக்குப் போட்டாள். மத்தியானம் படுக்கிற நேரத்திலும் எழுந்து எழுந்து நனைத்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு முன்னால் ஒரு பிள்ளை வந்துவிட்ட மாதிரி அதைப் பார்த்துக்கொண்டாள். கல்லூரிப் பிள்ளைகள் திரும்பி வந்து பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தபோது சந்திலேயே அதிகம் கொதிப்பது காளீஸ்வரியின் வீடு என்றும், சந்திலேயே குளிர்ந்திருப்பது அதை ஒட்டிய வீடு என்றும் வந்தது. கண்ணாடிக்காரப் பெண் குழம்பிப்போய் இரண்டு கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள், ஆனால் பெட்டி சொன்னால் சொன்னதுதான் என்று அவர்களே வைத்த சட்டம். ஜோதிக்கோ பரீட்சையில் பாஸான சந்தோஷம். "நல்லாப் பாத்துக்கிட்டேன்லக்கா?" என்றாள். காளீஸ்வரி ஆமாம் என்று தலையாட்டினாள்.

பெயிண்ட் அடித்ததும் வீடு குளிர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே குளிர்ந்தது. சோணைமுத்து மத்தியானம் கூரையைப் பார்த்தபடி படுத்து, பல வருஷமாகத் தூங்காத தூக்கத்தைத் தூங்கினான். காளீஸ்வரிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பனையோலை விசிறி ஜோதியின் தோளில் பட்டுப் பட்டுப் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தங்களுக்கு வியர்வை வராததைக் கூரையின் குளிர்ச்சி என்றுதான் புருஷனும் பெண்டாட்டியும் முதலில் நினைத்தார்கள். வெளியே வெயிலில் நின்றாலும் வரவில்லை என்று தெரிந்தபோது, அது வேறு உடம்பில் வழிய ஆரம்பித்திருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்கு அது பக்கத்து வீட்டுப் பெண்ணின் கழுத்தில் இறங்கி ஓடியது.

சந்து பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை, இதற்குப் பழகாமல் போக? குழாயடியில் ஜோதியை முதலில் விட்டார்கள், வாசனைக்காக அல்ல என்பதுபோல. ஜோதி வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து ரசம் தாளித்தால் பெருங்காயம் போட வேண்டியதில்லை என்று ஒருத்தி கண்டுபிடித்தாள், மற்றவர்கள் அவளைத் திட்டிவிட்டு அதையே செய்தார்கள். முனியாண்டி கோயில் பூசாரி அவளுக்குத் திருநீறு கொடுக்கும்போது கையை ஈரம் படாமல் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். கம்பெனிக்காரன் சரக்கெடுக்க வந்தவன் மோப்பம் பிடித்து, ஜோதியின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, டப்பாக்களை இரண்டு தடவை எண்ணினான்; ஒன்றும் குறையவில்லை. அந்தச் சந்தேகத்தைக்கூட ஜோதி தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். மண்டியில் சோணைமுத்துவுக்கு வேறு மாதிரி ரோதனை. மூட்டை சுமக்கிறவனுக்கு வியர்வைதான் சாட்சி. காய்ந்த முதுகோடு வந்து நின்றால், "எங்கய்யா போய்ப் படுத்துட்டு வர்றே?" என்று மேஸ்திரி கேட்டார். அவன் பத்துப் பேர் வேலையைச் செய்தாலும் ஓபி அடிக்கிறவன் என்றே பேர் ஆனது. அவன் வீட்டுக்கு வந்து மனைவியின் முகத்தைப் பார்ப்பான், அவள் அடுப்பைப் பார்ப்பாள்.

வாரம் ஒருமுறை வருகிற நர்ஸம்மா, ஜோதியை எடை போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஒரு உடம்பு மூன்று உடம்பின் வியர்வையை எத்தனை நாள் ஊற்றும்? உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களைக் கைநிறையக் கொடுத்துவிட்டு, காளீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பனிக்குடத்துத் தண்ணி குறைஞ்சுக்கிட்டே போகுதும்மா. இவ்வளவு வேர்க்கக் கூடாது. இப்படியே போனா இந்தப் புள்ளையும் தங்காது. நீங்கதான் கூட இருக்கீங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. பாத்துக்கங்க."

காளீஸ்வரி பார்த்துக்கொண்டாள். மோரைக் கரைத்துக் கொண்டுபோனாள், நீராகாரம் கொடுத்தாள், இளநீர் சீவிக் கொடுத்தாள். உள்ளே போனதெல்லாம் பெருங்காய வாசனையோடு வெளியே வந்தது. கடைசியில் ஒருநாள் ஜோதியின் பாயையும் தலையணையையும் தூக்கிவந்து வெள்ளைக் கூரைக்கடியில் போட்டு, அவளை அங்கே படுக்க வைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாகப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனார்கள். சந்து உருகிப்போனது. "உன்ன மாதிரி மனசு யாருக்குடி வரும்" என்று ஜீனத் தன் வீட்டுப் பாயாசத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பாயாசத்தைக் காளீஸ்வரி தொடாமல் மூடி வைத்தாள். கொதிக்கிற வீட்டில் புருஷனும் அவளும் சுட்ட ஓடு மாதிரி உலர்ந்து கிடந்தார்கள்; குளிர்ந்த வீட்டில் ஜோதி பாய் நனைய வியர்த்துக் கிடந்தாள். காளீஸ்வரிக்குப் பாராட்டுக் கூடக் கூட ஜோதிக்கு வியர்வையும் கூடியது.

அப்போதுதான் காளீஸ்வரிக்குப் புரிந்தது, வீட்டைக் கொடுத்தால் போதாது, வாயைத் திறக்க வேண்டும் என்று. மறுநாள் குழாயடியில், எல்லோரும் இருக்கும்போது, குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் பொட்டியை அவுத்து இட்லிச் சட்டிக்கு மேல கட்டினேன். அதுனாலதான் என் வீட்டுக்குப் பெயிண்ட் கிடைச்சுச்சு."

அவமானத்தில் சாகப்போகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றவளுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. "போடி இவளே" என்றாள் ஜீனத். "நான் தோசைக்கல்லுக்கு நேரா கட்டினேன், பொட்டி உருகி ஊத்திருச்சு. வேலை செய்யலைன்னு தூக்கிட்டுப் போயிட்டாக." இன்னொருத்தி தன்னுடையதை அயர்ன் பாக்ஸ் பக்கத்தில் வைத்ததைச் சொன்னாள். சந்து முழுவதும் அடுப்படியில்தான் பெட்டியைக் கட்டியிருந்தது. "எல்லாரும் செஞ்சதுதான், உனக்கு விழுந்துச்சு. அதுக்குப் போயி அழுவியா?" என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அந்தத் தடவல் எத்தனை சுகமாக இருந்தது. மீதியைச் சொல்ல அவள் வாயில் இருந்த வார்த்தை அந்தச் சுகத்திலேயே கரைந்துபோனது. குடத்தை எடுத்துக்கொண்டு, மன்னிக்கப்பட்டவளாக நடந்தாள். மன்னிப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று நாலு வீடு தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. வெள்ளைக் கூரை வீட்டு வாசற்படியைத் தாண்டி, ஜோதியின் வியர்வை ஓடையாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே ஜோதி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. பிள்ளை அசைகிறதா என்று பார்க்க வயிற்றில் ஒரு கை வைத்திருந்தாள். காளீஸ்வரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. அந்தக் கையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஈரத்துணி போடச் சொன்னது பொய்யித்தா. அந்தப் பொண்ணு தொடாதீங்கன்னுதான் சொல்லிட்டுப் போச்சு. உன் வீடு குளுமையாத் தெரியணும்னுதான் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

ஜோதி வெடித்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள். பிறகு, "தெரியும்க்கா" என்றாள்.

காளீஸ்வரி நிமிர்ந்தாள்.

"பொட்டிய வாங்கிட்டுப் போன அன்னைக்கே குழாயடியில எல்லார்ட்டயும் பெருமையாச் சொன்னேன். காளியக்காதான் ஈரத்துணி போடச் சொல்லிக் குடுத்தாக, அதான் என் பொட்டி கெடாம இருந்துச்சுன்னு. எல்லாரும் குடத்தைப் பாத்தாக. ஒருத்தரும் பேசல. வீட்டுக்கு வந்து யோசிச்சேன், அப்பத்தான் வெளங்குச்சு. அப்ப உங்க கூரைக்கு இன்னும் பெயிண்டு அடிக்கக்கூட இல்ல."

"என்னைக் கேட்டிருக்கலாம்லத்தா."

"கேட்டா இல்லைன்னு சொல்லிருப்பீக. அதுக்கப்புறம் என் வீட்டுப் பக்கம் வர மாட்டீக." ஜோதி மூச்சு வாங்கிக்கொண்டாள். "வலி வந்தா நான் யாரைக்கா கூப்பிடுவேன்?"

காளீஸ்வரி தன் தலையில் தானே அடித்துக்கொள்ளவில்லை, காலில் விழவில்லை, மன்னித்துக்கொள் என்றும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இல்லை என்று முதல்முறையாக அவளுக்குத் தெரிந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தாள். சந்து முழுவதற்கும் அப்போதே தெரிந்திருந்தது, தெரிந்தே குடத்தைப் பார்த்திருந்தார்கள், தன் முதுகைத் தடவியபோது தங்கள் முதுகையும் சேர்த்துத்தான் தடவிக்கொண்டார்கள் என்பதும் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சோணைமுத்து, "ஏ காளி, எனக்கு வேர்க்குதுடி" என்று கத்தினான். கொஞ்ச நேரத்தில் காளீஸ்வரியின் மேலுதட்டிலும் உப்புக் கரித்தது. ஜோதியின் கழுத்தில் வழிந்தது மெல்ல மெல்ல வற்றி, அவளுக்கென்று உள்ள வியர்வை மட்டும், எந்த வாசனையும் இல்லாமல், கொஞ்சமாக நின்றது.

"இனி இதுதான் உன் வீடு" என்றாள் காளீஸ்வரி.

"சரி" என்றாள் ஜோதி. வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஆவணியில் பெண்குழந்தை பிறந்தது. வலி வந்தபோது ஜோதி சுவரைத் தட்டினாள், காளீஸ்வரி ஓடினாள், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தாள். இருவரும் தேவைக்குமேல் பேசிக்கொள்ளவில்லை. சந்து நடந்ததையெல்லாம் தனக்குத் தோதாகத் திருத்தி வைத்துக்கொண்டது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் குளிர்ந்த வீட்டைத் தூக்கிக் கொடுத்த மகராசி என்றே புதிதாக வருகிறவர்களிடம் சொன்னார்கள். தாங்கள் குடத்தைப் பார்த்த கதை அதில் இல்லை.

பிள்ளைக்குப் பேர்விடுகிற அன்று சுருளி வந்து சேர்ந்தான். முகமெல்லாம் வடக்கத்திப் புழுதி படிந்து கறுத்துப்போன அந்த ஆள், வாசலிலேயே ஜீனத் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் காளீஸ்வரியிடம் போய் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான்.

"நீங்க இல்லைன்னா இதுவும் எங்களுக்கு இல்லக்கா" என்று தரையைப் பார்த்தே சொன்னான்.

காளீஸ்வரி ஜோதியைப் பார்த்தாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஜோதியும் அவளைப் பார்த்தாள். அவள் புருஷனிடம் போனில்கூட ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சவும் இல்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். சந்துப் பெண்கள் எல்லோருக்கும் திடீரென்று வேறு எங்காவது பார்க்க வேண்டியிருந்தது.

"எந்திரிப்பா" என்றாள் காளீஸ்வரி. அவன் எழுந்து நின்றதும் எல்லாவற்றையும் சொன்னாள். இட்லிச் சட்டி, ஈரத்துணி, தன் வாயால் சொன்ன அந்த வார்த்தை, ஒன்றையும் விடவில்லை. சோணைமுத்துவின் பெயரை இழுக்கவில்லை, போன கோடையின் பயத்தைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் தன் பக்கம் நியாயம் பேசியதாகிவிடும். சொல்லச் சொல்லச் சுருளியின் முகம் மாறியது. கும்பிட்ட கை தானாகப் பிரிந்து கீழே இறங்கியது. அவன் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் என்ட்ட சொல்லல?"

"நான் சொன்னா குத்தம் சொன்னதாயிரும்" என்றாள் ஜோதி. "அவுகளாச் சொல்லுவாகளான்னு பாத்தேன்."

சுருளி தொட்டில் பக்கம் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டான். கூட்டத்தில் ஒருத்தி, சாப்பாடு ஆறுகிறது என்று பேச்சை மாற்றினாள், எல்லோரும் அவளுக்கு நன்றியோடு எழுந்தார்கள். காளீஸ்வரி பந்திக்குப் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், முகமும் கழுத்தும் முதுகும் ரவிக்கை நனைய வியர்த்து, பெருங்காய வாசனை வீடு முழுக்க எழும்ப, சேலைத் தலைப்பால் துடைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அந்த வாசனையில் உட்கார்ந்துதான் அன்றைக்குச் சந்து முழுவதும் சாப்பிட வேண்டியிருந்தது, ஒருவரும் மூக்கைச் சுளிக்கவில்லை.